சீன தேகாப்பியாசமும் ‘சீ’ புரட்டும்

சீன தேசத்துப் பட்டணங்களில் விடியற்காலையில் பூங்காக்களுக்குப் போனால், கிழவர்களும் கிழவிகளும் வரிசையாய் நின்று மெதுவாகக் கையைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, மூச்சை நிதானமாய் இழுத்து விட்டுக்கொண்டிருப்பதைக் காணலாம். இவ்வித அப்பியாசங்களில் ‘தைச்சி’ என்பது ஒன்று. ‘பாதுவான்ஜின்’ என்பது மற்றொன்று. பின்னதற்கு எட்டுத் துண்டுப் பட்டு என்று அர்த்தம். மொத்தம் எட்டே அசைவுகள். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் என்னும் இரத்தஞ் சுத்தி செய்யும் யந்திரத்தால் உயிர் வாழும் நோயாளிகளுக்கும் இவற்றைக் கற்றுக்கொடுத்து அங்குள்ள வைத்தியர்கள் சோதித்து வருகிறார்கள்.

இந்த அப்பியாசத்திற்கு நாம் விரோதிகளல்ல. அதற்குச் சொல்லப்படும் காரணத்திற்கே விரோதிகள்.

அந்தக் காரணம் என்ன? சரீரத்திற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி ஓடுகிறதாம். அது தடைப்பட்டால் வியாதியாம். கைகாலை அசைத்து அதை ஓட்டிவிட்டால் சுகமாம். சீன பாஷையில் அதற்கு ‘சீ’ என்று பெயர். இது நாம் கேலிக்கு வைத்த பெயரல்ல, அவர்களே வைத்தது. சிறுநீரகமானது பிறவிச் சத்தைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் என்றும், எலும்பும் தலைமயிரும்கூட அதன் ஆட்சிக்கு உட்பட்டவை என்றும் அவர்களது பழைய வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. குனிந்து பாதத்தைப் பற்றும் அசைவு ஒன்றுக்கு, சிறுநீரகத்தைப் பலப்படுத்துவது என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

உடலை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டதோ வேறு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் இரத்தத்திலிருந்து அவற்றில் வடிகிறது. வேண்டியதை உடம்பு திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராய் வெளியே தள்ளுகிறது. தழும்பேறிச் செத்துப்போன வடிகட்டி, குனிந்தாலும் வராது, நிமிர்ந்தாலும் வராது.

அந்த வேலைக்கு யந்திரம் கண்டவர் கோல்ஃப் என்னும் டச்சு வைத்தியர். அவர் தேசம் ஜெர்மானியர் கையில் சிக்கியிருந்த 1943-ல், காம்பென் என்னும் சிறிய ஊரில், இறைச்சி அடைக்க உதவும் செலோபேன் குழாயைக் கொண்டு அதைச் செய்தார். முதலில் வைத்தியம் செய்யப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனார்கள். தலைவிதி என்று அவர் கையைக் கழுவிவிடவில்லை, குற்றத்தைத் தேடினார், திருத்தினார். 1945-ல் 67 வயதுள்ள ஒரு மாது பிழைத்தெழுந்தாள். இன்று உலகில் லட்சக்கணக்கானவர்கள், பெரும்பாலும் வாரத்துக்கு 3 தடவை, தடவைக்குச் சுமார் 4 மணி நேரம் யந்திரத்தோடு கிடந்தாவது பெண்டுபிள்ளைகளோடு வாழ்கிறார்கள் என்றால், அது ‘சீ’யின் கருணையா, மனிதனுடைய அறிவின் பலனா?

அப்படியானால் அப்பியாசம் எதற்கு என்று கேட்கலாம். யந்திரம் இரத்தத்தைத்தான் சுத்தி செய்யும், சதையை வளர்க்காது. படுத்தே கிடக்கும் நோயாளிக்குச் சதை கரைகிறது, தூக்கம் கெடுகிறது, நாலு அடி வைத்தால் மூச்சு வாங்குகிறது. “நோயாளி, அசையாதே” என்று வீட்டார் காட்டும் பரிவே அவனை முடவனாக்குகிறது. சீனத்தில் நடந்த சோதனைகளில் களைப்பும் தூக்கமும் நடையும் ஓரளவு தேறியதாகக் கண்டிருக்கிறார்கள். அவை சிறு தொகையினரைக் கொண்டு செய்தவை. ஆகையால் கொட்டு முழக்கத்துக்கு இடமில்லை.

இத்தாலியிலும் இதுபோல் ஒரு சோதனை நடந்து, 2017-ல் அதன் முடிவு வெளியாயிற்று. 296 டயாலிசிஸ் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் 6 மாதம் வீட்டருகே முறையாக நடக்கச் செய்தார்கள். நடந்தவர்கள் 6 நிமிஷத்தில் கடக்கும் தூரம் 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக உயர்ந்தது. மற்றவர்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அங்கே ‘சீ’யும் இல்லை, பட்டும் இல்லை, வெறும் நடைதான். ஆகவே பலன் தருவது அசைவே ஒழிய, அதன்மேல் போர்த்திய மந்திரமல்ல. வேகமாய் நடக்கமாட்டாதவன், காசு செலவில்லாமல், சிலவற்றை உட்கார்ந்தபடியேகூடச் செய்யலாம் என்பதே சீன அப்பியாசத்தின் மேன்மை. அது போதாதா?

“ஆயிரக்கணக்கான வருஷத்துச் சாஸ்திரம் பொய்யாகுமா?” என்பார்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடம்பு இளைப்பதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்து தின்ற பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே அழிந்ததை 1993-ல் வைத்தியர்கள் வெளியிட்டார்கள். காரணம் அரிஸ்டோலோக்கியா என்னும் செடியின் விஷம். அதே இனத்துச் செடிகள்தாம் நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும். ஈசுவரன் பெயரைச் சூட்டியதால் விஷம் குறைந்துவிடுமா? பழமை எதற்கும் அத்தாட்சியல்ல. ஒரே தேசத்துப் பழமையில் நல்ல அப்பியாசமும் இருந்தது, நஞ்சும் இருந்தது. பிரித்துக் காட்டியது சோதனைதான்.

தோழர்களே! உங்கள் வீட்டில் இவ்வியாதி இருந்தால், வைத்தியரைக் கேட்டு, யந்திரத்துக்காக இரத்தக்குழாயை இணைத்திருக்கும் கையில் பளு ஏற்றாமல், நோயாளியை அசையவிடுங்கள். சீன அசைவோ, வீதியில் நடையோ, முடிந்ததைச் செய்யட்டும். ஆனால் எவனாவது வந்து, “மூச்சை அடக்கினால் சிறுநீரகம் திரும்பும், யந்திரத்தை விடு” என்று சொல்வானேயானால், அவனை வைத்தியன் என்று எண்ணாதீர்கள். யந்திரத்தை விட்டவன் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இருதயம் நின்று சாவான். அப்போது அந்தக் குரு ‘சீ’ என்றுகூடச் சொல்ல மாட்டான். அடுத்த ஊருக்குப் போயிருப்பான்.