கலங்கிய ஆற்றுக்கு எந்த வால்?



எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் என் சகோதரியின் மகன் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். கொழும்பில் வாங்கியதாகச் சொல்லி ஏழெட்டுப் பொட்டலங்களை மேசையில் பரப்பினான். உள்ளே சிவப்பும் பச்சையும் கறுப்புமாக, தொட்டால் வழுவழுக்கும் மென்பிளாஸ்டிக் புழுக்கள், நண்டுகள். இரண்டு நாள் கூலி அதில் போயிருந்தது. "மாமா, இதில எதைப் போட்டா மீன் கடிக்கும்?" என்று கேட்டான். "இன்றைக்கு உங்கள் ஆறு என்ன நிறம்?" என்று கேட்டேன். சிரித்தான். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

முள்ளின் தலையில் ஈயம் வார்த்து, அதைச் சுற்றிக் குஞ்சம் போல இழைகளைக் கட்டிய தூண்டிலுக்கு 'ஜிக்' என்று பெயர். குஞ்சத்துக்குப் பின்னால் அதே முள்ளில் கோக்கும் மென்பிளாஸ்டிக் துண்டுதான் வால். பொட்டலத்தில் 'டிரெய்லர்' என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். 1949இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மென்பிளாஸ்டிக் புழு வார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வணிகம் வளர்ந்து வந்திருக்கிறது. பெரும்பாலான பொட்டலங்கள் அந்நாட்டு ஏரிகளில் வாழும் பாஸ் மீனை நினைத்துச் செய்யப்பட்டவை. குளிர்காலத்துக்கு அதிகம் ஆடாத வால், கோடைக்கு நன்றாக ஆடும் வால் என்பது அவர்களின் கணக்கு. குளிர்ந்த நீரில் மீன் சோர்ந்து கிடக்கும் என்பதே காரணம்.

நமக்கு அந்தக் கணக்கு பொருந்துமா? சப்ரகமுவவின் தாழ்நிலத் தோட்டங்களில் தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. நாம் தேடுவதோ விராலை. இங்கே மாறுவது தண்ணீரின் சூடு அல்ல, அதன் தெளிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபரிலும் நவம்பரிலும் மாலை மழை. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளில் மண் கழுவினால் மழை இல்லாத நாளிலும் ஓடை கலங்கும். ஆகவே நாட்காட்டியை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

முழங்கால் அளவு நீரில் உங்கள் பாதம் தெரிகிறதா? தெரிந்தால் தண்ணீர் தெளிவு. சிறிய, மெல்லிய வால் போதும். பாசிப் பச்சை, மண்ணிறம் போன்ற இயற்கை நிறம் எடுங்கள். குஞ்சமும் வாலும் ஒரே நிறமாக இருக்கட்டும். பாதம் தெரியாவிட்டால் தடித்த வாலும் கறுப்பு நிறமும் வேண்டும். கலங்கல் நீரில் கறுப்பின் நிழலுருவே மீனுக்குப் புலப்படும். அகன்ற வால் அடிக்கும் அதிர்வை மீன் தன் உடலின் இரு பக்கத்திலும் ஓடும் உணர்கோட்டால் அறிந்துகொள்ளும். ஆம்பலும் பாசியும் மண்டிய இடத்தில் கை கால் விரிந்த நண்டு உருவம் சிக்கிக்கொள்ளும். ஒடுங்கிய வாலே நழுவி வரும்.

இன்னொன்று. தடித்த வால் மெதுவாக அமிழும், மெல்லிய வால் விரைவாக அமிழும். வால் மிக நீண்டுவிட்டால் மீன் நுனியை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். வால் நேராக ஆட வேண்டும். சுழன்றால் முள்ளில் கோணலாகக் கோத்திருக்கிறீர்கள் என்று அறியுங்கள்; தங்கூசியும் முறுக்கிக்கொள்ளும்.

உயிருள்ள தவளையை முள்ளில் கோத்துத் துடிக்கவிடுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அதை நிறுத்த இந்தப் பிளாஸ்டிக் உதவுமானால் அது நல்லதுதான். ஆனால் அதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. சென்ற ஆண்டு அவனுடைய உம்மா ஒரு விராலை அறுத்தபோது இரைப்பையில் யாரோ விட்ட பிளாஸ்டிக் வால் ஊதிப்போய் அடைத்துக் கிடந்ததாம். அந்த மீன் நீளத்துக்கு ஏற்ற சதை இல்லாமல் மெலிந்திருந்ததாம். பிய்ந்த வாலை ஆற்றில் எறிந்தால் அது மக்காது. மீன் அதை இரையென்று விழுங்கும், செரிக்காமல் கிடக்கும். காற்சட்டைப் பையில் ஒரு சிறு பை வைத்துக்கொண்டு பிய்ந்ததை வீட்டுக்குக் கொண்டுவருவது பெரிய வேலையா?

ஈயத்தையும் மறந்துவிடாதீர்கள். அன்னப்பறவைகள் ஈயக்குண்டை விழுங்கி இறந்ததால் பிரித்தானியா 1987இல் 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தது. நம் லயங்களில் சிலர் சமைக்கும் அடுப்பிலேயே ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கிறார்கள். அந்தப் புகையும் தூசும் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தாய்மார்களே, அதைச் சமையலறைக்குள் அனுமதிக்காதீர்கள். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்க விடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீரின் மேற்பரப்பில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் திரளாக நெளிவதைக் கண்டால், அடியில் பெற்ற விரால் காவல் நிற்கிறது. எந்த வாலைப் போட்டாலும் அது பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்க. அதைப் பிடித்துவிட்டால் காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். ஆறு பெருகும்போதும் கரையில் நிற்க வேண்டாம். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை என்ன செய்தது என்பதை இரத்தினபுரி மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்று மாலை என் மருமகன் இரண்டு பொட்டலங்களை மட்டும் பிரித்தான். தடித்த கறுப்பு ஒன்று, மெல்லிய மண்ணிறம் ஒன்று. மற்றவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். "கடைக்காரரிடம் கேட்டுப் பார். இனி வாங்கும் முன் ஆற்றிடம் கேள்" என்றேன்.