யாரைப் பார்த்து இந்தச் சிரிப்பு?

பெரிய நடிகர் இல்லை. வெளிநாட்டுப் பாட்டு இல்லை. கடைசியில் நாயகன் ஜெயிப்பான் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் 2013 மே மாதம் வெளியான 'சூது கவ்வும்' படத்தின் வசனங்கள் ஆர்.எஸ்.புரத்துக் காபிக் கடைகளில் இன்றும் புழங்குகின்றன. கல்லூரி முடித்தவர், ஐ.டி. வேலையில் இருப்பவர், அந்த வேலையை இழந்தவர் என யாரிடம் கேட்டாலும் பிடித்த படங்களில் ஒரு டார்க் காமெடியாவது இருக்கும். சிலர் இதை அவல நகைச்சுவை என்கிறார்கள். சிரிக்கக் கூடாது என்று பழக்கப்பட்ட இடத்தில் சிரிக்க வைத்து, சிரித்த பிறகு சங்கடப்படுத்தும் வகைப் படங்கள் இவை. இளைஞர்களின் ரசனை மாறிவிட்டது என்று சொல்லி இந்த ஈர்ப்பைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. சிரிப்பிலும் ஒரு சாதிக் கணக்கு இருக்கிறது. அதைச் சில சின்னப் படங்கள் கலைத்துப் போட்டிருக்கின்றன, சில படங்கள் மறைத்து வைத்திருக்கின்றன. எது எது என்று பிரித்துப் பார்ப்பது நமக்கு அவசியம்.

தமிழ் சினிமாவில் நகைச்சுவை யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். தொண்ணூறுகளில் கொங்கு மண்ணைத் திரையில் காட்டிய படங்களை நினைத்துப் பாருங்கள். 'சின்ன கவுண்டர்' (1992), 'எஜமான்' (1993), 'நாட்டாமை' (1994). தோப்பு, திண்ணை, மரத்தடிப் பஞ்சாயத்து, வெள்ளை வேட்டி. நிலம் வைத்திருப்பவர் தீர்ப்பு சொல்வார், ஊர் கைகட்டி நிற்கும். அவருக்குக் கோபம் வரலாம், கண்ணீர் வரலாம். அவரைப் பார்த்து நமக்குச் சிரிப்பு மட்டும் வந்துவிடக் கூடாது. 'சின்ன கவுண்டர்' படத்தில் கவுண்டமணிக்குக் கிடைத்தது சலவைத் தொழிலாளி வேடம். வேட்டி கட்டியவருக்குக் கதை, அதை வெளுத்துக் கொடுத்தவருக்குக் காமெடி டிராக். உடுமலைப் பக்கத்துக்காரரான கவுண்டமணியின் கொங்கு நக்கலுக்கு எந்த அதிகாரத்தையும் கேலி செய்யும் வலு உண்டு. ஆனால் அந்த வலுவில் பெரும்பகுதி செந்திலின் நிறத்தையும் உடம்பையும் ஏசுவதற்கே செலவானது. அடிப்பவரும் உழைப்பாளி, அடிபடுபவரும் உழைப்பாளி. திண்ணையில் இருந்தவர் இருவரையும் பார்த்துச் சிரித்தார். திரையரங்கில் நாமும் அவரோடு சேர்ந்து சிரித்தோம்.

இதற்கு முன்பே நம்மிடம் வேறொரு மரபும் இருந்தது. திருவாரூர் கே.தங்கராசு எழுதி, எம்.ஆர்.ராதா மேடை மேடையாக நடித்த 'ரத்தக்கண்ணீர்' 1954இல் படமானது. தொழுநோயில் அழுகிக்கொண்டிருக்கும் ஒரு பணக்காரன், தன்னையும் தன் வர்க்கத்தையும் ஊரின் பக்தியையும் சேர்த்து நக்கலடிக்கிறான். பார்ப்பவருக்குச் சிரிப்பும் அருவருப்பும் ஒன்றாக வருகின்றன. டார்க் காமெடி என்ற சொல் இங்கே வருவதற்கு முன்பே நம் மேடையில் அது நடந்துவிட்டது. அதே 1954இல் சென்னை மாகாணத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அது ராதாவின் நாடகங்களைக் குறிவைத்தே வந்தது என்று திராவிட இயக்கத்தினர் இன்றுவரை சொல்கிறார்கள். சிரிப்பு மேல்நோக்கித் திரும்பினால் மேலே இருப்பவருக்குப் பொறுக்காது என்பதை இந்த வரலாற்றிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பட்ஜெட் இங்கேதான் முக்கியமாகிறது. பல கோடி போட்டு எடுத்த படம் எல்லா மாவட்டத்திலும் ஓடியாக வேண்டும், அதனால் எந்த ஊர்ப் பெரிய மனிதரையும் அது பகைத்துக்கொள்ளாது. நட்சத்திர நாயகன் தோற்க முடியாது, கோழையாக இருக்க முடியாது, அவனைப் பார்த்து ஊர் சிரிக்க முடியாது. சின்னப் படத்துக்கு இந்தக் கட்டுகள் குறைவு. தணிக்கைக் குழு 52 இடங்களில் வெட்டச் சொன்னபோது 'ஆரண்ய காண்டம்' (2011) இயக்குநர் தியாகராஜன் குமாரராஜா மேல்முறையீட்டுக்குப் போனார். அந்தப் படம் பெரிதாக வசூலிக்கவில்லை, இரண்டு தேசிய விருதுகளை வாங்கியது. அதன் பிறகு வந்த பலருக்கும் அது துணிச்சல் கொடுத்தது.

'சூது கவ்வும்' ஏன் நம் தலைமுறைக்குப் பிடித்தது? ஐ.டி. வேலை போனவன், கார் நிறுத்தும் வேலை போனவன், நயன்தாராவுக்குக் கோயில் கட்டியவன் ஆகியோர் சேர்ந்து ஆள் கடத்துகிறார்கள். நேர்மையான அமைச்சர் பதவி இழக்கிறார், ஏமாற்றத் தெரிந்த அவர் மகன் அமைச்சராகிறான். படி, நேர்மையாக இரு, தானாக முன்னேறுவாய் என்று சொல்லி வளர்க்கப்பட்ட முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்தக் கதை ஏன் இனிக்காது? தனக்குச் சொல்லப்பட்டது பொய் என்பதை ஒருவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும்போது மனம் லேசாகிறது.

ஆனால் இந்தப் படத்தில் யாருக்கும் சாதி இல்லை. வேலை போனவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான், கடத்தப்பட்டவன் வீட்டில் எந்த வாசல் யாருக்குத் திறக்கும் என்ற கேள்விகளே எழுவதில்லை. இதற்குப் பிறகு வந்த பெரும்பாலான டார்க் காமெடிகளும் இந்தச் சாதியற்ற கற்பனை நகரத்தில்தான் நடக்கின்றன. அங்கே கேலி செய்யப்படுவது அரசியல்வாதி, போலீஸ், ரவுடி. இவர்களை யார் வேண்டுமானாலும் கேலி செய்யலாம். பார்ப்பவர் தன் வீட்டுத் திண்ணையை நினைத்துக் கூச்சப்படத் தேவையில்லை.

'மண்டேலா' இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. மடோன் அஷ்வின் இயக்கிய இந்தப் படம் 2021 ஏப்ரல் 4 அன்று விஜய் டி.வி.யில் நேரடியாக ஒளிபரப்பானது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். வடக்கூர், தெக்கூர் என்று இரண்டு சாதிகளாகப் பிரிந்த ஊருக்கு ஒரு கழிப்பறை வருகிறது. அதில் யார் முதலில் போவது என்று அடிதடி. 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதிய அம்பேத்கர், படிநிலைச் சமத்துவமின்மை பற்றி வாழ்நாள் முழுக்க விளக்கினார். அதை இந்தப் படம் ஒரு கழிப்பறை வாசலில் வைத்துக் காட்டிவிடுகிறது. ஊரே முடிவெட்டிக்கொள்ளும் தொழிலாளிக்கு ஊரில் பெயர் கிடையாது. பல பட்டப்பெயர்களில் ஒன்று 'இளிச்சவாயன்'. வீட்டுக்குள் வரப் பின்வாசல். அஞ்சலகத்தில் வேலை செய்யும் பெண் அவருக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் வைத்து அடையாள அட்டை வாங்கிக் கொடுக்கிறார். இரண்டு பக்கமும் ஓட்டு சமமாக இருக்க, அவருடைய ஒரே ஓட்டு தலைவரை முடிவு செய்யும் என்றானதும் அத்தனை பேரும் அவர் காலடிக்கு வருகிறார்கள்.

இந்த வேடத்தில் நடித்தவர் யோகி பாபு. அவருடைய முடியையும் முகத்தையும் வைத்து எத்தனை படங்கள் நம்மைச் சிரிக்க வைத்தன என்று எண்ணிப் பாருங்கள். அதே முகம் இங்கே அமைதியாக உட்கார்ந்திருக்க, மீசை முறுக்கியவர்கள் கோமாளிகளாகிறார்கள். 1992இல் சலவைத் தொழிலாளியிடம் இருந்த காமெடி டிராக் 2021இல் பெரிய வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது.

இப்படியெல்லாம் நிஜத்தில் நடக்குமா என்று கேட்பவர்கள் நம் மாவட்டச் செய்திகளைப் படித்தால் போதும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். தீண்டாமை குற்றம் என்று சட்டம் சொல்கிறது. அதிகாரிகள் கண்ட தீர்வோ சமைத்த அம்மாவை இடமாற்றம் செய்வது! போராட்டத்துக்குப் பிறகே அந்த உத்தரவு ரத்தானது, வழக்கும் பதிவானது. இதை அப்படியே எழுதினால் எந்தத் திரைக்கதை ஆசிரியரும் 'கொஞ்சம் ஓவராக இருக்கிறது' என்று அடித்துவிடுவார்.

நகரம் மட்டும் என்ன? கொங்குத் தமிழ் மரியாதைக்குப் பேர் போனது. ஆராய்ச்சிப் படிப்புக்காக இந்தப் பகுதியில் நான் அறை தேடியபோது ஒரு வீட்டுக்காரர் காபி கொடுத்து உட்கார வைத்து, "ஏனுங் தம்பி, சொந்த ஊருல எந்தப் பக்கமுங்?" என்று கேட்டார். திசை கேட்கிறார் என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள். நான் பக்கத்தைச் சொன்னேன். அறை அப்போதுதான் வேறொருவருக்குப் போய்விட்டதாம். கேள்வியிலும் 'ங்' இருந்தது, பதிலிலும் 'ங்' இருந்தது. மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

இந்த மரியாதையின் உள்பக்கத்தைக் காட்டும் படம் 'சேத்துமான்'. பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையிலிருந்து, பா.இரஞ்சித்தின் நீலம் தயாரிப்பில், தமிழ் என்பவர் இயக்கியது. மேற்கு மாவட்டக் கிராமம், அசலான கொங்குப் பேச்சு. கூடை முடையும் தாத்தா பூச்சியப்பனுக்கு மிச்சம் இருப்பது பேரன் குமரேசன் மட்டும். நிலக்காரர் வெள்ளையனுக்குப் பன்றிக்கறி மேல் ஆசை. அந்தக் கறியைத் தின்பவர்களை ஊர் இழிவாகப் பார்க்கும், ஆனால் அவருக்கு அது வேண்டும். பன்றிக்குச் 'சேத்துமான்' என்று பெயர். சேற்றில் புரள்வதை மான் என்று சொல்லிவிட்டால் நாக்குக்குத் தீட்டு இல்லை போலும். பன்றி பிடிக்க, அறுக்க, சமைக்கப் பூச்சியப்பன் வேண்டும். பங்கு பிரிக்கும்போது மட்டும் சாதி ஞாபகத்துக்கு வரும். குடியரசுத் தலைவராக ஒரு தலித் வந்துவிட்டார் என்ற 2017ஆம் ஆண்டுச் செய்தி இந்தக் கதையின் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கறிக்கூறு பற்றிய அந்த அற்பப் பேச்சுகளில் நாம் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். அது எங்கே போய் முடிகிறது, இழப்பு யார் வீட்டுக்கு என்பதை இங்கே சொல்லப் போவதில்லை, படத்தில் பாருங்கள்.

ஒடுக்குமுறையைச் சிரிப்பாக்கினால் அதன் கொடுமை நீர்த்துப் போகாதா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 'மண்டேலா' வந்தபோது முடிதிருத்தும் தொழிலாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பும் வந்தது. தங்கள் மீது வீசப்படும் வசவுகளைத் திரையில் இன்னொரு முறை கேட்பது அவர்களுக்கு வலிக்கும், அந்த வலியைத் தள்ளிவிட முடியாது. அந்தப் படம் கடைசியில் ஊரின் மனமாற்றத்தை நம்புகிறது என்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. ஒரு ஓட்டு தேவைப்படும்வரை காலடிக்கு வந்தவர்கள், தேவை முடிந்த பிறகும் அப்படியே இருப்பார்களா? 'சேத்துமான்' அந்த ஆறுதலைத் தர மறுக்கிறது. அதனால்தான் அது எனக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. ஆனால் சிரிப்பே கூடாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் பெரியவர்கள் பண்ணையத்துக் கதைகளைச் சொல்லும்போது அழுததைவிடச் சிரித்ததே அதிகம். ஆண்டையின் நடையை, குரலை, கஞ்சத்தனத்தை நடித்துக் காட்டுவார்கள். பகலில் குனிந்து நின்றவர்கள் இரவில் நிமிர்ந்துகொள்ள அவர்களிடம் இருந்த வழி அது. அந்தச் சிரிப்பு திரைக்கு வந்துசேரத்தான் இத்தனை காலமாகியிருக்கிறது.

வந்த பிறகும் அது சரியான இடத்தில் ஓடவில்லை. கொங்கு மண்ணின் கதையைக் கொங்குத் தமிழிலேயே சொன்ன 'சேத்துமான்' 2022 மே மாதம் சோனி லிவ் தளத்தில் வெளியானது. சந்தா கட்டியவர் தனியாக, ஹெட்போன் போட்டுப் பார்க்கும் படமாக அது சுருங்கிவிட்டது. சாதியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு கூட்டத்தில்தான் வேலை செய்யும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் எங்கே சிரிக்கிறார், எங்கே சட்டென்று நிறுத்திக்கொள்கிறார் என்பதை நாம் பார்க்க வேண்டும், நம்மையும் அவர் பார்க்க வேண்டும்.

வாசகர் வட்டம், மாணவர் அமைப்பு நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உரிய அனுமதி வாங்கி இந்தப் படங்களை ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும், கல்லூரி அரங்குகளிலும், கிராமத்து நூலகங்களிலும் திரையிடுங்கள். ஊருக்கு ஒரு காட்சி, சேரிக்கு ஒரு காட்சி என்று வைக்காதீர்கள், எல்லோரையும் ஒரே அரங்கில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் இயக்குநரின் திறமை பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, யார் எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று கேளுங்கள். பதில்கள் ஒன்றுபோல இருக்காது. விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.