ஒரே பெஞ்சு, இரண்டு ரேட்டு!

பிளஸ்-2 ரிசல்ட்டு வருவதற்கு முன்பே கம்பம், சின்னமனூர், போடி பக்கம் சீட்டு புரோக்கர்கள் நடமாட்டம் தொடங்கி விடுகிறது. "சீட்டு தீர்ந்திடும்ணே, இப்பவே அட்வான்சு கட்டிருங்க" என்பார்கள். பெற்றவர்களும் பயந்து போய் நகையை அடகுக் கடைக்குக் கொண்டு போகிறார்கள்.

திராட்சைத் தோட்டத்திலும், விடியற்காலையில் ஜீப் ஏறிப்போய் மலைமேல் ஏலத்தோட்டத்திலும் கூலி வேலை பார்த்து வாங்கிய நகை அது. அவசரப்பட்டு அட்வான்சு கட்டினால் நஷ்டம் அதோடு நிற்காது. படிப்பு முடியும் வரை தொடரும்.

காலேஜ் ஒன்றுதான். பெஞ்சும் ஒன்றுதான். ஆனால் கவுன்சிலிங்கில் வந்த பையனுக்கு ஒரு ரேட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுப் பையனுக்கு வேறு ரேட்டு. 2017-ல் நிர்ணயித்த கட்டணப்படி, தனியார் என்ஜினீயரிங் காலேஜில் கவுன்சிலிங் சீட்டுக்கு வருஷத்துக்கு ரூ.50 ஆயிரம். நிர்வாக சீட்டுக்கு ரூ.85 ஆயிரம். 4 வருஷத்தில் வித்தியாசம் ரூ.1 லட்சத்து 40 ஆயிரம்! இது ரசீது போட்ட கணக்கு. ரசீது போடாத கணக்கு தனி.

வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்பு படிப்பவருக்கு 2010-ல் கொண்டு வந்த கட்டணச் சலுகையும் கவுன்சிலிங்கில் வந்தால்தான் உண்டு. இதைப் புரோக்கர் சொல்ல மாட்டார்.

டாக்டர் படிப்பில் வித்தியாசம் இன்னும் பயங்கரம். 2020-ல் அரசு மருத்துவக் கல்லூரியில் வருஷக் கட்டணம் ரூ.13,610. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு என்றால் சுமார் ரூ.4 லட்சம். அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு ரூ.12½ லட்சம். அரசு சீட்டைப் போல 90 மடங்குக்கும் மேல்! இப்படி இருந்தால் குறுக்கு வழி தேடாமல் இருப்பார்களா? 2019-ல் 'நீட்' ஆள் மாறாட்டம் அம்பலமானது நம்ம க.விலக்கு தேனி அரசு மருத்துவக் கல்லூரியில்தான்.

சீட்டு கிடைத்தும் பணம் இல்லை

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. முதல் வருஷம் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து 405 இடம். ஆனால் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகள் சிலர், பணம் கட்ட வழியில்லாமல் சீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விட்டு அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள். நவம்பர் 21-ந் தேதிதான் "கட்டணத்தை அரசே கட்டும்" என்ற அறிவிப்பு வந்தது. நாலு நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?

2021-ல் என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது. படிப்புக் கட்டணம் மட்டுமல்ல, ஆஸ்டல் கட்டணமும் அரசு பொறுப்பு. நல்ல காரியம். பாராட்ட வேண்டியதே.

ஆனால் 6-வது முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. வீட்டுப் பக்கத்தில் இருந்த பள்ளி அதுதான் என்று சேர்த்து விட்ட கூலிக்காரர் என்ன பாவம் செய்தார்? ஒரே தோட்டத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேரில், ஒருவர் வீட்டுப் பையனுக்கு எல்லாம் இலவசம். இன்னொருவர் வீட்டுப் பையனுக்குக் கல்விக் கடன்தான் கதி.

அந்தக் கடனாவது சுலபமாகக் கிடைக்கிறதா? ரூ.4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது விதி. "உங்க ஊரு எங்க ஏரியா இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் பாங்கியே சொல்லியிருக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரூ.4½ லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. இதெல்லாம் காகிதத்தில். பாங்கியில் போய் நின்றால், "அடுத்த வாரம் வாங்க."

2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்த வித்யாலட்சுமி திட்டத்தில் ஜாமீன் வேண்டாம், சொத்தும் வேண்டாம். ஆனால் தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிலையங்களுக்கு மட்டும் (ஒப்புதல் கொடுத்தபோது 860). அதிலும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு இடம் இல்லை. ஆக, அவசரப்பட்டு அட்வான்சு கட்டியவருக்கு அந்தக் கதவும் சாத்தியாகி விடுகிறது.

போடியில் 2012 முதல் அரசு என்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறது. கவுன்சிலிங்கில் அதை எழுதிப் பார்க்காமலே வெளியூருக்குப் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு.

மாவட்ட நிர்வாகம் கல்விக் கடன் முகாம் நடத்துவதாக இருந்தால், காலேஜ் திறந்த பிறகு தேனியில் பந்தல் போட்டுப் பிரயோஜனம் இல்லை. பிளஸ்-2 பரீட்சை முடிந்த கையோடு உத்தமபாளையம், கம்பம், போடி, ஆண்டிபட்டியில் நடத்த வேண்டும். பாங்கி மேனேஜர்களும், வருமானச் சான்று கொடுக்கும் தாசில்தார் ஆபீஸ்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கடன் இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்தக் காலேஜுக்கு எவ்வளவு கட்டணம் என்ற பட்டியலை, புரோக்கர் வந்து நிற்பதற்கு முன்பே பள்ளிக்கூட வாசலில் ஒட்ட வேண்டும்.