ஆடு தின்ற இலை

'குளோப்' என்று ஒரு திட்டம். அமெரிக்கா 1995-ல் துவக்கியது. நூறு நாடுகளுக்கு மேல் பரவியது. பள்ளிப் பிள்ளைகள் மழையை அளப்பார்கள். கிளை நுனியில் நாலு இலைகளுக்கு அடையாளம் வைத்து, வளர வளர ஸ்கேலால் அளந்து கிராஃப் போடுவார்கள். விஞ்ஞானிகளும் அந்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு முதல் பயிற்சி வாத்தியார்களுக்கு! ஸ்கேல் பிடிக்கவா ட்ரெய்னிங் என்கிறீர்களா? இருங்கள். மூன்று இலைகள் 20, 24, 28 மில்லிமீட்டர். நாலாவதை ஆடு தின்றுவிட்டது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? பூஜ்யம் போட்டால் சராசரி 24-லிருந்து 18-க்கு இறங்கிவிடும். கிராஃபில் மரமே சுருங்கும்! 'இலை போச்சு' என்று எழுதுவதுதான் விதி.

மழைக்கும் அப்படித்தான். பெய்யாவிட்டால் 0. மழைமானியைப் பூனை கவிழ்த்திருந்தால் 'அளவு இல்லை'. லீவு முடிந்து திங்கட்கிழமை பார்த்தால், தேங்கியிருப்பது எத்தனை நாள் மழை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு. இதை வாத்தியார் புரிந்துகொள்ளாவிட்டால், வகுப்பே சேர்ந்து ஒரு பொய்ப் பஞ்சத்தை உண்டாக்கிவிடும்.

நம் ஆபீஸ்களில் மாத ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேனேஜருக்குத் தூக்கம் வராது. "ஏதாவது ஒரு நம்பர் போடுப்பா!" அதை வைத்து அடுத்த வருஷத்து டார்கெட் வேறு.

தெரியாததைத் தெரியாது என்று பத்து வயசிலேயே எழுதப் பழகிய பையன் நாளை நம் ஆபீஸுக்கு வந்தால் ரொம்பக் கஷ்டப்படுவான். ஆனால் எனக்கு அவன் பக்கத்து சீட்தான் வேண்டும்.