தோசைக்கல்லைக் குறை சொல்லலாமா?

நல்ல தோசைக்கல் ஒன்றைக் கெடுத்த அனுபவம் எனக்கு உண்டு. எட்டாம் வகுப்பில் படித்த காலம். அம்மாவுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு, கறுத்துக் கிடந்த இரும்புத் தோசைக்கல்லைப் புளியும் செங்கற்பொடியும் போட்டுத் தேய்த்தேன். கல் வெள்ளிபோல் மின்னியது. மறுநாள் காலை ஊற்றிய முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஒட்டாத தவா ஒன்று வாங்கிவிடலாம்" என்றார் அப்பா. பாட்டி மட்டும், "கல்லு என்னடா பண்ணும்? அதோட சட்டையை நீ உரிச்சுட்டே!" என்றார்.

பாட்டி வேதியியல் படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்னது முற்றிலும் சரி.

அந்தச் சட்டை எது? எண்ணெய்தான். இரும்பின் மேல் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவிச் சூடேற்றினால், எண்ணெய் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்கின்றன. திரவம் திடமாகிறது. நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. ஆகவே அதில் இந்தப் பிணைப்பு எளிதில் நடக்கும். இப்படி உண்டாகும் கரும்படலம் ஒருவகைப் பாலிமர். இரும்பிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்களை அது நிரப்பிவிடுகிறது. மாவிலுள்ள புரதமும் மாவுச்சத்தும் இரும்பை நேராகப் பற்றிக்கொள்ள வழியில்லை. தோசை கழன்று வருகிறது. 'கல்லைப் பழக்குவது' என்று வீட்டில் சொல்கிறார்களே, அது இதுதான். புளியின் அமிலமும் செங்கற்பொடியின் உராய்வும் சேர்ந்தால் இந்தப் படலம் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"சப்பாத்திக்கு வேறு கல் வை" என்பார்கள் பெரியவர்கள். எண்ணெயின்றி நெடுநேரம் காயும் கல்லில் படலம் கருகி உதிரும். உலர்ந்த மாவும் அதன்மேல் தீய்ந்து படியும். இதிலும் காரணம் இருக்கிறது.

அடுத்து, மாவு ஊற்றுவதற்கு முன் அம்மா கல்லில் தண்ணீர் தெளிப்பதைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் 'சுர்'ரென்று ஒலித்து மறைந்தால் சூடு பதம். துளிகள் முத்துப்போல் உருண்டு ஓடினால் சூடு மிகுதி. அப்போது ஒவ்வொரு துளியின் கீழும் நீராவி மெத்தைபோல் நின்று அதைத் தாங்குகிறது. 1756-இல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விளக்கி எழுதினார். அவ்வளவு சூட்டில் மாவை ஊற்றினால் அது பரவாது. கரண்டியோடு சுருண்டு வரும். நம் வீட்டில் வெப்பமானி இல்லை. அதன் வேலையைத் தண்ணீர்த் துளி செய்கிறது.

தண்ணீர் கல்லைக் குளிர்விக்கவும் செய்கிறது. எவ்வளவு? கணக்கிட்டுப் பார்ப்போம். 30 டிகிரி செல்சியஸில் உள்ள 1 கிராம் நீர் 100 டிகிரிக்குச் சூடாக 70 கலோரி வேண்டும். ஆவியாக மேலும் 540 கலோரி வேண்டும். ஆக, 5 கிராம் நீர் ஏறத்தாழ 3,050 கலோரியை எடுத்துக்கொள்ளும். இரும்பின் தன்வெப்பம் 0.11. எனவே 2 கிலோ கல் ஒரு டிகிரி குளிர்ந்தால் 220 கலோரி தரும். அடுப்பு தரும் வெப்பத்தை விட்டுவிட்டால், கல்லின் சூடு சுமார் 14 டிகிரி குறையும். அரைக் கிலோ அலுமினியத் தவாவில் இதே நீரைத் தெளித்தால் சுமார் 29 டிகிரி குறையும். அலுமினியத்தின் தன்வெப்பம் 0.21 என்றாலும், அதன் எடை குறைவு அல்லவா? மாவை ஊற்றும்போதும் இப்படித்தான். கனமான கல் தன் சூட்டை எளிதில் இழப்பதில்லை. தோசை ஒரே சீராகச் சிவக்கிறது.

அப்படியானால் ஒட்டாத தவா வேண்டாத பொருளா? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறக் கூடாது. 1938-இல் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலார் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லான் என்ற பாலிமர்தான் அதன் பூச்சு. அதில் எண்ணெய் குறைவாகப் போதும். எடையும் குறைவு. அலுமினியம் வெப்பத்தை விரைந்து பரப்பும். ஆனால் 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். மிகையாகச் சூடேறினால் வரும் புகை தீங்கானது. வெறும் தவாவைப் பெருந்தீயில் விட்டு வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூச்சு கீறிப் போனால் அதை வீட்டில் புதுப்பிக்க முடியாது. இரும்புக்கல்லின் படலம் போனாலோ, ஒரு கரண்டி எண்ணெயும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

என் கருத்து இதுதான்: நாம் புரிந்துகொண்டு நாமே சீர்செய்யக் கூடிய கருவியே வீட்டுக்கு ஏற்றது. பழையது என்பதற்காக நான் கல்லுக்குப் பரிந்து பேசவில்லை. இரும்புக்கல்லில் வார்த்த தோசை இரத்தசோகையைத் தீர்க்கும் என்று சிலர் சொல்வது மிகை. இரும்புச் சட்டியில் நெடுநேரம் கொதிக்கும் புளிக்குழம்பில்தான் இரும்புச்சத்து நன்கு இறங்கும். தோசை ஓரிரு நிமிடங்களே கல்லில் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லை வைத்துக்கொள்ளலாம் என்று தட்டின் முன் உட்கார்ந்து சொல்வது எளிது. அதைத் தூக்குவது யார்? கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பது யார்? அந்தச் சுமை முழுவதும் அம்மாவின் மணிக்கட்டில்தான் விழும் என்றால், அவர் இலேசான தவாவைக் கேட்பது முற்றிலும் நியாயம். கல் வேண்டும் என்பவர் கல்லைப் பேணவும் வேண்டும். இதில் மாணவன், மாணவி என்ற வேறுபாடு கிடையாது.

எங்கள் வீட்டில் பாட்டி அந்த வேலையை எனக்கே தந்தார். தினமும் மாலையில் கல்லைக் காயவைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்தேன். ஐந்தாம் நாள் கல் பழுப்பாயிற்று, பிறகு கறுத்தது. எட்டாம் நாள் காலை, திருப்பியை வைத்ததும் தோசை வழுக்கிக்கொண்டு வந்தது. "இப்போ சட்டை போட்டுக்கிச்சு" என்று பாட்டி சிரித்தார். அப்பா புதுத் தவாவைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

உங்கள் வீட்டில் எந்தக் கல் இருக்கிறது? நாளைக் காலை, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, அதில் நான்கு துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கல்லைக் குறை சொல்வதா, பழக்குவதா என்று பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.