பொட்டலம் வச்சிருக்கிற பையனுக்கு எஃப்.ஐ.ஆர். எதுக்கு?

த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

"கஞ்சா கேஸ்னா உள்ள தூக்கிப் போட்டு முட்டிக்கு முட்டி தட்டணும் டாக்டர்." எனக்கு வர்ற கமெண்ட்ல பாதி இந்த ரகம். விக்கிறவனைச் சொன்னா சரி, பிடிச்சுப் போடுங்க. பயன்படுத்துறவனையும் சேர்த்துச் சொன்னா, நமக்குள்ள சண்டை இருக்கு.

விருத்தாசலம் பக்கம் கேஷுவாலிட்டி டூட்டி பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஒருத்தன் நினைவில்லாம வர்றான், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்குன்னா, முதல்ல மனசுல வர்றது பூச்சிமருந்து. சுத்தி விவசாயம், அப்படித்தான் தோணும். அதுக்கு அட்ரோபின். ஆனா ஓபியாய்டு வகை வலி மாத்திரையைக் கரைச்சு நரம்புல ஏத்திக்கிட்டவனுக்கும் அதே கண்மணிதான். அவனுக்கு வேண்டியது நலாக்ஸோன். எச்சில், வியர்வை, நாடி, வாடை இதையெல்லாம் வச்சுப் பெரும்பாலும் பிரிச்சுடலாம். கூடவே சரக்கும் உள்ள போயிருந்தா குழப்பம். மூச்சு நிக்கப் போறவனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் உயிர்.

கூட வந்த நண்பன் அந்த மாத்திரை பேரைச் சொன்னாப் போதும். சொல்ல மாட்டான். "காலையிலேருந்து சாப்பிடல சார், மயங்கிட்டான்"பான். திரும்பிப் பார்த்தா ஆளும் இருக்காது, பைக்கும் இருக்காது. ஏ.ஆர். போடுவாங்க, போலீஸ் வரும், "நீயும் போட்டியாடா"ன்னு கேட்கும். அந்த பயம். அவனைத் திட்ட எனக்கு வாய் வரல.

இப்ப சட்டத்துக்கு வாங்க. 1985-ல வந்த என்.டி.பி.எஸ். சட்டத்தோட 27-வது பிரிவுப்படி போதைப்பொருளைப் பயன்படுத்துறதே குற்றம். பொருளைப் பொறுத்து ஆறு மாசம் அல்லது ஒரு வருஷம் வரை சிறை. கையில கஞ்சா வச்சிருந்தா 20-வது பிரிவு. 1 கிலோ வரைக்கும் "சிறிய அளவு", ஒரு வருஷம் வரை கடுங்காவல். நல்லா கவனிங்க: செராமிக் பேட்டையில சூளை வேலை முடிச்சுட்டு அஞ்சு கிராம் பொட்டலத்தோட நிக்கிற பையனும், விக்கிறதுக்கு 900 கிராம் கட்டி வச்சிருக்கிறவனும் ஒரே அளவுக்குள்ள வர்றாங்க. (கஞ்சாச் செடியோட வெறும் இலை இந்தச் சட்டத்துல கஞ்சாவே இல்ல. வடக்கே பாங் கடை நடக்கிறது அதனாலதான்.)

அதே சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையானவர் தானா முன்வந்து அரசு நடத்துற அல்லது அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சை எடுத்து முடிச்சா, சிறிய அளவு வழக்குல தண்டிக்கப்பட மாட்டார். நல்ல பிரிவு. ஆனா முதல்ல வழக்கு விழணும், அப்புறம்தான் இந்தக் கதவு திறக்கும். அதுக்குள்ள போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்கிற வேலை, பாஸ்போர்ட் எல்லாத்துலயும் சிக்கல் வந்துடும். நோயாளின்னு சட்டத்துக்கே தெரியுது. அப்புறம் எதுக்கு முதல் படி ஸ்டேஷன்ல?

"தண்டனை இல்லன்னா எல்லாரும் ஆரம்பிச்சுடுவாங்க"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. தற்கொலை முயற்சியும் 309-வது பிரிவுல ஒரு வருஷம் வரை சிறைக்குரிய குற்றமா இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? "தண்ணின்னு நினைச்சு தெரியாம குடிச்சுட்டான் சார்"னு குடும்பமே பொய் சொல்லும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயற்சி செஞ்சவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு மாத்திச்சு. 2024 ஜூலைல வந்த புதிய சட்டத்துல அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க. சட்டம் விட்டுடுச்சுன்னு யாராவது பூச்சிமருந்து பாட்டிலைத் தேடிப் போனாங்களா?

பக்கத்து மாவட்டத்தையே பாருங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. காய்ச்சினவன், வித்தவன் மேல வழக்கு. குடிச்சுச் செத்தவங்க குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் கொடுத்துச்சு. சிலர் முணுமுணுத்தாங்க, நான் சரின்னுதான் சொல்வேன். குடிச்சவன் பாதிக்கப்பட்டவன், மாத்திரையைக் கரைச்சு ஏத்தினவன் மட்டும் குற்றவாளியா? சரக்குக் கடையை அரசே நடத்துற மாநிலத்துல உட்கார்ந்துக்கிட்டு இந்த வேதாந்தம் எனக்குப் புரியல.

போர்ச்சுகல் 2001-லயே இதைச் செஞ்சுது. பத்து நாள் உபயோகத்துக்குள்ள வச்சிருந்தா கோர்ட் கிடையாது, சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிஞ்ச ஒரு குழு முன்னாடி போகணும். கூடவே சிகிச்சைக்கும் பணம் போட்டாங்க. ஊசி மூலமா பரவுற எச்.ஐ.வி. நல்லாவே குறைஞ்சுது. அமெரிக்காவுல ஒரேகான் 2020-ல ஓட்டெடுப்பு நடத்தி இதையே செஞ்சு, 2024-ல திரும்பக் குற்றமாக்கிடுச்சு. தண்டனையை எடுத்தாங்க, சிகிச்சை இடங்கள் தயாராகல. தெருவுல பார்த்த ஜனங்க கோபப்பட்டாங்க. அந்தக் கோபம் நியாயம்தான். அதனால தாலுகா ஆஸ்பத்திரி அளவுல போதை மீட்புப் படுக்கை, மாற்று மருந்து, ஒரு கவுன்சிலர், இதெல்லாம் கேட்காம வெறும் சட்டத்திருத்தம் மட்டும் கேட்கிறவங்களோட நான் இல்ல.

சட்டம் மாறுற அன்னிக்கு மாறட்டும். இன்னிக்கு ராத்திரி உங்க நண்பனுக்கு மூச்சு வாங்குறது குறைஞ்சு, உதடு நீலமாச்சுன்னா, 108 கூப்பிடுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. காலி அட்டையை எடுத்துட்டு வந்து டூட்டி டாக்டர் கையில கொடுங்க. உங்க பேரைச் சொல்லலைன்னாலும் பரவாயில்ல, மாத்திரை பேரைச் சொல்லிட்டுப் போங்க. விடணும்னு தோணுறவங்களுக்கு 14446, இலவச எண்.