கையெழுத்துப் போட ஒரு மாமா

பட்டணத்துப் பிள்ளைக்கு வேலை அனுபவம் வேண்டுமென்றால் ஒரு போன் போதும். சிரம்பானில் அப்பா வங்கியில் இருப்பார், மாமா வழக்கறிஞர் அலுவலகத்தில் இருப்பார். "அண்ணே, பையன் லீவுல சும்மாதான் கெடக்குறான், ரெண்டு வாரம் உங்க ஆபீஸ்ல உக்காரட்டுமே" என்று ஒரு வார்த்தை, காரியம் முடிந்தது. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் மாமா உண்டு. அவர் செம்பனையில் குலை வெட்டுகிறார், அல்லது செனவாங்கில் இரவுக் காவல் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

ஒரு காலத்தில் மண்டோரே போதுமானவராக இருந்தார். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அப்பா மகனைக் கொண்டுபோய் நிறுத்தினால், கிராணி பெயரைப் பதிந்துகொள்வார். அறிமுகம், நேர்காணல், நியமனம் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் ஆகிவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செனவாங், சிரம்பான் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. அந்தக் கதவும் சாத்தப்பட்டது. அதற்காக நான் அழப்போவதில்லை. அந்தக் கதவுக்குள் போனவர்கள் வெளியே வந்ததைப் பெரிதாகப் பார்த்ததுமில்லை. ஆனால் சாத்திய கதவுக்குப் பதிலாக இன்னொன்றை யாரும் திறந்து வைக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

அந்த இன்னொன்றைப் பள்ளிக்கூடம் திறக்கலாம். சிரம்பானில் செயின்ட் பால் பள்ளி 1899-இலும் கான்வென்ட் 1904-இலும் தொடங்கியவை. அந்த நாளில் கத்தோலிக்கப் பள்ளிச் சான்றிதழ் கையில் இருந்தால் ரயில்வேயோ, அரசாங்க அலுவலகமோ, தோட்டத்துக் கிராணி நாற்காலியோ ஏதோ ஒன்று அமையும். பள்ளியின் பெயரே சிபாரிசுக் கடிதம். இன்று மிஷன் பள்ளிகளில் நிலம் சபையினுடையது, ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது, பாடத்திட்டம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்று. பெயருக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு மிச்சமிருக்கிறது. அந்த மிச்சத்தைச் செலவழித்துத்தான் நான், ஒரு மிஷன் பள்ளியில் ஆலோசக ஆசிரியையாக இருந்தபோது, நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஒரு வாரம் வேலையிடம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலை என்னவோ எளிதுதான். கடிதம் எழுத வேண்டும், போன் செய்ய வேண்டும், மறுபடி போன் செய்ய வேண்டும், "மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார்" என்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டப்படி பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் இளையோர். நாளுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் அவர்களை வேலை வாங்கக் கூடாது, இரவு எட்டிலிருந்து காலை ஆறுவரை கூடவே கூடாது, அபாயமான வேலையில் நிறுத்தக் கூடாது. இதைச் சொன்னதும் பாதி முதலாளிகளுக்கு ஆர்வம் வடிந்துவிடும். வடியட்டும். இலவசக் கை தேடுகிறவர்களை வாசலிலேயே கழித்துவிட அதைவிட நல்ல சல்லடை கிடையாது.

பிறகு வண்டி. இடம் கிடைக்கும், போய்ச்சேர வழி இருக்காது. தோட்டத்திலிருந்து பேருந்து வருவதே அபூர்வம். கம்பெனி பஸ் ஊழியர்களை மட்டும்தான் ஏற்றும். பங்குத்தந்தையிடம் கோயில் வேனைக் கேட்டு வாங்கியதும் உண்டு. டீசல் யார் போடுவது என்று அவர் கேட்டதும் உண்டு.

ஆனால் உண்மையான வேலை மூன்றாம் நாளில்தான் இருக்கிறது. முதல் நாள் எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மூன்றாம் நாள் போய் நிற்க வேண்டும். அப்படிப் போனபோது, மின்சாரப் பொருள் கடையில் வயரிங் கற்றுக்கொள்ளப் போன பையன் முதலாளியின் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். மூன்று நாளும் அதே வேலையாம். "நல்லாத்தான் கழுவுறான் டீச்சர்" என்று சான்றிதழ் வேறு.

இந்தச் சங்கடம் பழையது. 1852 பிப்ரவரியில், இத்தாலியின் தூரின் நகரில் தொன் போஸ்கோ அடிகளார் தம்மிடமிருந்த ஒடாசோ என்ற பையனைப் பெர்த்தொலீனோ என்ற தச்சரிடம் தொழில் பழக விட்டார். அதற்கு முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம். இரண்டு வருடத்தில் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். தொழில் சாராத வேலைக்கு ஏவக் கூடாது. சக்திக்கு மீறிச் சுமத்தக் கூடாது. தவறு செய்தால் வாயால் திருத்தலாம், கை நீட்டக் கூடாது. ஞாயிறும் திருநாள்களும் ஓய்வு, வருடத்துக்கு 15 நாள் விடுமுறை. கூலி படிப்படியாக ஏற வேண்டும். பையனின் தகப்பனோடு அடிகளாரும் பொறுப்பேற்றார். புனிதர் என்று பீடத்தில் ஏற்றிவைத்திருக்கிறோம். எனக்கு அவர் முதலில் ஒரு கறாரான ஒருங்கிணைப்பாளர். ஊர் விட்டு ஊர் வந்த ஏழைப் பையனுக்கு நகரத்தில் மாமா இல்லை என்பதைப் புரிந்துகொண்டு தானே அந்த மாமாவாகிக் கையெழுத்துப் போட்டவர்.

நம் நாட்டில் அந்த வழிக்குப் பக்கத்தில் நடந்தவர்கள் கபிரியேல் சபைச் சகோதரர்கள். 1959-இல் அவர்கள் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன், இப்போது ஷா ஆலமில், வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு மதம் பாராமல் தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் கொடுத்து வருகிறது. அரசாங்கமும் சும்மா இல்லை. 2005-இல் ஜெர்மன் முறையைப் பார்த்து எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறை வந்தது, பயிற்சியில் பெரும்பகுதி தொழிற்கூடத்திலேயே, மிச்சம் வகுப்பறையில். 2012 முதல் தொழிற்பள்ளிகள் தொழிற்கல்லூரிகளாக மாறத் தொடங்கின. அம்பாங்கானிலும் போர்ட்டிக்சனிலும் இருக்கின்றன. எல்லாம் நல்லவை. ஆனால் இவை எல்லாம் எந்தத் தொழில் என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைக்கு. பதினாறு வயதில், அப்பாவின் தோட்டத்தையும் பள்ளி வளாகத்தையும் தவிர மூன்றாவது இடத்தை உள்ளே போய்ப் பார்க்காத பிள்ளை எதை வைத்து முடிவு செய்யும்?

இதில் எனக்குப் பெரிய எதிர்ப்பு வந்தது பெற்றோரிடமிருந்து. ஒரு மாணவிக்குச் செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் இடம் வாங்கியிருந்தேன். அவள் அப்பா குலை வெட்டுகிறவர். பள்ளிக்கே வந்துவிட்டார். "அவ படிக்கட்டும்னுதானே டீச்சர் டவுன் ஸ்கூலுக்கு அனுப்புனேன்? நீங்க திருப்பித் தோட்டத்துக்கே அனுப்புறீங்களே!" அவர் கேட்டது நியாயம். மூன்று தலைமுறை வெளியேறப் பாடுபட்ட இடம் அது. ஆலை அலுவலகமும் ஆய்வகமும் அவர் பார்த்த தோட்டத்தில் சேர்த்தியில்லை என்று வாயால் விளக்கிப் பயனில்லை. "ஒரு நாள் நீங்களும் வந்து பாருங்கண்ணே" என்றேன்.

வந்தார். அவள் வெள்ளை மேலங்கியில் நின்றுகொண்டிருந்தாள். குடுவையில் உருக்கிய எண்ணெய், அதில் ஆல்கஹால், இரண்டு சொட்டு ஃபீனால்ஃப்தலீன். மேலே பியூரெட்டிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக விழ, குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். இளஞ்சிவப்பு வந்தது, மறைந்தது, வந்தது, நின்றது. உடனே குழாயை அடைத்து அளவைக் குறித்துக்கொண்டாள். வேதியியல் பாடத்தில் அவள் மனப்பாடம் செய்து எழுதிய டைட்ரேஷன்தான். இங்கே அது அளப்பது எஃப்.எஃப்.ஏ. என்ற கட்டற்ற கொழுப்பு அமிலத்தை; கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வணிக வரம்பு. எண் ஏன் ஏறுகிறது என்று அப்பாவுக்கு மகள் விளக்கினாள்: குலை அடிபட்டால் ஏறும், வெட்டிய பழம் சாலையோரம் நாள்கணக்கில் கிடந்தால் ஏறும்.

"லாரி வரலேன்னா நாங்க என்ன பண்றது?" என்றார் அவர், சற்றுக் கோபமாகவே. இருபது வருடமாக வெட்டிப்போட்ட குலைக்கு உள்ளே இப்படி ஓர் எண் இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆய்வகத்துப் பெண் அதிகாரி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எந்த வளாகத்துக் குலை என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

கார் கழுவிய பையனுக்குப் பிறகு, தூரின் ஒப்பந்தத்தின் இரண்டு வரிகளை எங்கள் பள்ளிக் கடிதத்தில் சேர்த்துவிட்டிருந்தேன். அடுத்த விடுமுறைக்கு அதே ஆலைக்கு அதைக் கொண்டுபோனபோது மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். தொழில் சாராத ஏவல் வேலை கூடாது என்ற வரியில் பேனாவை நிறுத்தினார்.

"டீச்சர், லேப்ல குடுவை கழுவுறது ஏவலா, தொழிலா?"

"தொழில்."

"டீ கிளாஸ்?"

"ஏவல்."

யோசித்தார். ஓரத்தில் "குடுவை மட்டும்" என்று எழுதி, பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.